மடித்தாலும் மாறாத பாதி

சமான பின்னம் படித்த நாலாம் வகுப்புக் குழந்தையிடம் 1/2-க்குச் சமமான பின்னம் கேட்டால், மேலும் கீழும் 2-ஆல் பெருக்கி 2/4 என்று சொல்லிவிடும். "பெருக்கினோமே, அப்போ பெரிசாயிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்கும். பெருக்கினால் பெரிதாகும் என்றுதானே அதுவரை பழக்கியிருக்கிறோம்! தவறு குழந்தையிடம் இல்லை. விதியை முதலில் சொல்லிவிட்டோம்.

முதலில் ஒரு தாள் பட்டையைக் கையில் கொடுங்கள். நடுவில் மடித்துப் பிரித்து, ஒரு பாதிக்கு வண்ணம் தீட்டட்டும். பழையபடி மடித்து, அதன்மேல் இன்னொரு மடிப்பு. பிரித்தால் நான்கு கட்டம்; இரண்டில் வண்ணம். மறுபடியும் மடித்தால் எட்டில் நான்கு. கோடுகள்தான் கூடின, வண்ணம் இம்மியும் கூடவில்லை. (இம்மியே ஒரு பின்னத்தின் பெயர்தான்!) ஒவ்வொரு துண்டும் இரண்டானதால் வண்ணத் துண்டுகளும் இரட்டித்தன, மொத்தத் துண்டுகளும் இரட்டித்தன. தொகுதியையும் பகுதியையும் 2-ஆல் பெருக்குவது என்பது இந்த மடிப்புதான்.

மூன்றாக மடிப்பது சின்னக் கைகளுக்கு வராது. 12 செ.மீ. நீளப் பட்டைகளாக வெட்டிக்கொண்டால் அளவுகோலை வைத்தே 2, 3, 4, 6 பங்குகளாகக் கோடு போடலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் 1/2, 2/4, 3/6 மூன்றும் 6 செ.மீ. கோட்டில் வந்து நிற்கும். எண்கோட்டுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

வட்டப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். வட்டத்தை ஐந்து சம பங்காக்குவது பெரியவர்களுக்கே சிரமம். பங்கு சமமில்லையென்றால் பாடமே பிழைத்துவிடும். முழுப்பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊத்தப்பத்தில் பாதியும் இட்லியில் பாதியும் ஒன்றாகுமா?

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்குப் பின்னங்கள் பெயர்களாகவே வாயில் புரண்டன. மா என்றால் 1/20, காணி 1/80. நாலுமா என்றால் 4/20, அதாவது ஐந்தில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தது, அதன் மதிப்பு 1/16. எப்படி?

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரிசைக்கு 10 வீதம் 8 வரிசை, 80 கட்டங்களை வளைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாவுக்கு 4 கட்டம், காணிக்கு 1. ஆக 5 கட்டத்துக்கு வண்ணம். இனி ஒவ்வொரு வரிசையையும் ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டே வரட்டும்; பதினாறாவது ஐந்தில் கட்டங்கள் தீர்ந்துவிடும்.