மேய்ச்சல் நிலம் கேட்ட கேள்வி

மைசூரு நகருக்கு வெளியே, ஹுன்சூர் செல்லும் சாலையில் உள்ள இலவாலாவுக்கு அருகில், ரத்னஹள்ளி என்னும் ஊரில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 'அரிய பொருள்கள் ஆலை' 1990ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அரண்மனை, தசரா, பட்டு, சந்தனம் என்று மைசூருவை அறிந்துவைத்திருக்கும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இந்த ஆலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை, ஏனெனில் 1980களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அந்த வளாகத்துக்குள் என்ன வேலை நடக்கிறது என்பதை அதிகாரிகளே 1990களின் தொடக்கத்தில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கு அறுபது ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு இருந்தும், அது உலகத் தலைவர்களின் வாயில்களையும் பொக்ரான் பாலைவனத்தையும் நோக்கி நடந்த அளவுக்கு, ஆயுதத்துக்கான பொருள் உருவாகும் இத்தகைய ஊர்களை நோக்கி நடக்கவில்லை.

ரத்னஹள்ளியில் நடப்பது செறிவூட்டல். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடுதான், எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. 235இன் பங்கை உயர்த்துவதற்காக, யுரேனியத்தை ஃபுளூரினுடன் சேர்த்து வாயுவாக்கி, மிகுந்த வேகத்தில் சுழலும் உருளைகளுக்குள் செலுத்துகிறார்கள். எடை கூடிய 238 விளிம்புப் பக்கம் ஒதுங்க, எடை குறைந்த 235 நடுப்பகுதியில் சற்றே கூடுதலாகத் தங்குகிறது. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதைப் போன்ற இந்த வேலையில் ஒருமுறை கடைவதில் கிடைக்கும் பலன் மிகச் சிறிது என்பதால், எண்ணற்ற உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து வாயுவைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டியிருக்கிறது. மின் உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 3 முதல் 5 விழுக்காடு செறிவே போதும், அணுகுண்டுக்கோ ஏறத்தாழ 90 விழுக்காடு வேண்டும். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான், எந்த அளவுக்குச் செறிவூட்டுவது என்பதே வேறுபாடு.

இந்தியாவின் அணுகுண்டுகளுக்கான மூலப்பொருள் முதன்மையாக டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையிலிருந்தும், 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையிலிருந்தும் கிடைத்த புளூட்டோனியம் என்பதால், மைசூரு ஆலையைக் குண்டுத் தொழிற்சாலை என்று எழுதிவிடுவது உண்மைக்கு ஒவ்வாது. அங்கே செறிவூட்டப்படும் யுரேனியம் ஐ.என்.எஸ். அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிக் கப்பல்களின் உலைகளுக்கானது என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. அக்கப்பலின் உலைக்கு முன்மாதிரியான உலை கல்பாக்கத்தில் தரைமேல் நிறுவப்பட்டதால், காவிரியின் மேல்கரையில் தொடங்கும் இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. ஆனால் அந்த நீர்மூழ்கிகள் சுமப்பவை அணு ஏவுகணைகள். ஆகவே உலை, எரிபொருள், ஏவுகணை மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பேசுவது பொருளற்றது. இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்காக 2006இல் வகுக்கப்பட்ட பிரிப்புத் திட்டத்தில் பதினான்கு மின் உலைகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு விடப்பட்டன, மைசூரு ஆலை விடப்படவில்லை. 2014இல் அந்த ஆலை விரிவுபடுத்தப்படுவதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஜேன்ஸ் என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் சுட்டிக்காட்டி, அங்கே மிஞ்சும் யுரேனியம் வெப்ப அணுகுண்டுகளுக்கும் பயன்படக்கூடும் என்று எழுதியபோது, மைசூருவாசிகள் தங்கள் ஊரைப் பற்றிய செய்தியை வெளிநாட்டு ஆய்வறிக்கையொன்றின் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதே இலவாலாவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1957 செப்டம்பரில் வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்தைப் பற்றி ஆராய்வதற்காக அகில இந்திய அளவிலான மாநாடு அங்கே நடந்தது; குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத், பிரதமர் நேரு, கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட், ஜெயப்பிரகாஷ் நாராயண் என ஒருவருக்கொருவர் உடன்படாத பலர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, நிலத்தைத் தனியுடைமையாக வைத்திராமல் ஊர்ப் பொதுவாக்கும் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தார்கள். ஆயுதமின்றி அமைதி காக்கும் சாந்தி சேனையை வினோபா அமைத்ததும் அதே ஆண்டில்தான். பொதுநிலம், அகிம்சை ஆகிய இரண்டு கருத்துகளும் கூடிய இடத்துக்கு அருகிலேயே முப்பது ஆண்டுகள் கழித்து, பொதுமக்கள் நுழைய முடியாத அணு வளாகம் எழுந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் நாடு நகர்ந்த தொலைவு எவ்வளவு என்பதை அது காட்டிவிடுகிறது.

வினோபாவின் வழியில் வந்தவர்களே இந்தியாவின் முதல் பெரிய அணு எதிர்ப்பு நடைப்பயணத்தையும் மேற்கொண்டார்கள். 1961 செப்டம்பரில் எண்பத்தொன்பது வயதான பெர்ட்ரண்டு ரஸ்ஸல் லண்டனில் அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்துக்காகச் சிறை சென்ற செய்தியைப் பெங்களூரில் காப்பிக் கடையொன்றில் படித்த சதீஷ்குமாரும் ஈ.பி. மேனனும், அந்த வயதில் ஒருவர் சிறைக்குப் போக முடியுமென்றால் இளைஞர்களான தாங்கள் சும்மா இருப்பது தகாது என்று முடிவு செய்தார்கள். 1962 ஜூன் 1 அன்று டெல்லியில் காந்தியடிகள் நினைவிடத்திலிருந்து புறப்பட்ட அவர்களுக்கு வினோபா சொன்ன அறிவுரை, கையில் காசு கொண்டுபோகக் கூடாது, புலால் உண்ணக் கூடாது என்பதே. காசில்லாதவன் ஒவ்வொரு மாலையும் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த நிபந்தனையே அவர்களுடைய பிரசாரத்தின் வடிவமாகிவிட்டது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாகச் சோவியத் நாட்டுக்குள் நடந்து சென்றபோது, கருங்கடல் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலையைக் கொடுத்து, அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைவர்களிடமும் ஒவ்வொன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். விசையை அழுத்த எண்ணம் வந்தால் முதலில் ஒரு கோப்பை தேநீர் அருந்தி யோசிக்கட்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பயணத்தில் பாரிஸில் சிறைவாசமும் நேர்ந்தது.

அதே 1962இல் காந்தி அமைதி அறக்கட்டளை ஜூன் மாதம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதைத் தொடர்ந்து எண்பத்துமூன்று வயதான இராஜாஜி, கர்நாடகத்தைச் சேர்ந்த ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன்வர அமெரிக்கா சென்று, செப்டம்பர் 28 அன்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணு வெடிப்புச் சோதனைகளை மற்றவர்கள் நிறுத்துகிறார்களா என்று பார்த்திருக்காமல் அமெரிக்கா தானாகவே நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கடந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உரையாடல் நீண்டது. அது நடந்து மூன்று வாரங்கூட ஆகாத நிலையில் கியூபா ஏவுகணை நெருக்கடி எழுந்து உலகம் அணுப் போரின் விளிம்புக்கு வந்தது. 1963 ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இராஜாஜியின் பேச்சால் ஒப்பந்தம் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் முதலில் ஆயுதத்தைக் கீழே வைப்பவன் கோழையல்லன் என்ற வாதத்தை, ஆயுதம் வைத்திருந்தவரின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த துணிவு போற்றத்தக்கது.

அதே 1962 செப்டம்பரில்தான் இந்திய அணுசக்திச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அணுத் துறை பற்றிய எந்தத் தகவலையும் மறைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் அளித்த அந்தச் சட்டத்தின் நிழலில்தான் பின்வந்த பல பத்தாண்டுகளிலும் எல்லா அணுத் திட்டங்களும் வளர்ந்தன. 1998 மே 11, 13 நாள்களில் பொக்ரானில் குண்டுகள் வெடித்த பிறகு எதிர்ப்புக் குரல்கள் மீண்டும் திரண்டன. சமூகச் செயற்பாட்டாளர் சந்தீப் பாண்டேயும் தோழர்களும் 1999 மே 11 அன்று பொக்ரானில் தொடங்கி ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 அன்று சாரநாத்தில் முடித்த நடைப்பயணமும், 2000 நவம்பரில் டெல்லியில் உருவான அணு ஆயுதக் களைவுக்கும் அமைதிக்குமான கூட்டமைப்பும் அவற்றுள் முதன்மையானவை. இந்த முயற்சிகளின் நேர்மையில் ஐயமில்லை. என்றாலும், மறைக்கப்பட்ட வேலைத்தலங்களைச் சுற்றி வாழும் மக்களிடம் அவை போதிய அளவு சென்று சேரவில்லை என்பதும் உண்மை.

அந்தக் குறையை நிரப்பியவர்கள், அணுகுண்டை மனத்தில் வைத்துப் போராட்டத்தைத் தொடங்காத ஆடு மாடு மேய்ப்பவர்கள். பழைய மைசூர் இராச்சியத்தின் வடபகுதியில், இன்றைய சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரெ வட்டத்தில், 'அமிர்த் மஹால் காவல்' எனப்படும் பரந்த புல்வெளிகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் சிக்க தேவராஜ உடையார் அரசுக் கால்நடைகளுக்கென்று மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கிப் பேணியதில் தொடங்கி, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் விரிவாக்கிய ஏற்பாடு இது. அந்த மாடுகள் பீரங்கி இழுத்தவை. 1781இல் அவற்றின் துணையால் ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்துக்கு வந்துசேர்ந்தது என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. போருக்காக ஒதுக்கப்பட்ட நிலம், போர் ஓய்ந்த இரண்டு நூற்றாண்டுகளில் ஊர்ப் பொதுநிலமாகவே ஆகிவிட்டது. கானமயிலும் வெளிமானும் உலவிய அந்தப் புல்வெளியை நம்பிக் குருபர்கள் செம்மறி மேய்க்கிறார்கள். கத்தரித்த கறுப்பு உரோமத்தைப் பெண்கள் நூலாக நூற்க, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி விறைப்பாக்கிக் குழித்தறியில் கம்பளி நெய்கிறார்கள். சள்ளகெரெக் கம்பளி என்று பேர்பெற்ற அந்தத் துணியின் முதல் இழை புல்லில்தான் தொடங்குகிறது.

2007 முதல் 2010 வரையான ஆண்டுகளில் கர்நாடக அரசு இந்தக் காவல் நிலங்களில் ஏறத்தாழ 10,000 ஏக்கரைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், இந்திய அறிவியல் கழகம், பாபா அணு ஆராய்ச்சி மையம் முதலியவற்றுக்கு வழங்கியது. உள்ளார்த்திக் காவலில் 1,810 ஏக்கரும் குதாபுராவில் 400 ஏக்கரும் அணு ஆராய்ச்சி மையத்துக்குச் சென்றன. ரத்னஹள்ளியைவிடப் பெரிய செறிவூட்டல் ஆலை அங்கே வரவிருந்தது. ஊர்மக்களைக் கேட்டு இதைச் செய்யவில்லை. மேய்ச்சலுக்குப் போன மந்தைகளை மதில்கள் மறித்தபோதுதான் பலருக்கும் விவரம் தெரிந்தது.

அவர்கள் கல்லெறியவில்லை. ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், தகவல் கேட்டு மனு எழுதினார்கள், பெங்களூரின் சுற்றுச்சூழல் ஆதரவுக் குழுவுடன் சேர்ந்து சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வந்தார்கள். அக்குழுவின் லியோ சல்தானா தொடர்ந்த அந்த வழக்கில் தீர்ப்பாயம் 2013இல் உண்மையறியும் குழுவை நேரில் அனுப்பியது. நாட்டின் மிக மறைவான நிறுவனங்கள் தங்கள் வசமிருந்த நிலம் எவ்வளவு, பெற்ற அனுமதிகள் எவை, பெறாதவை எவை என்று மேய்ப்பர்களின் மனுவுக்குப் பதிலெழுத வேண்டி வந்தது. அணு ஆயுத எதிர்ப்புத் தீர்மானங்கள் பல ஆண்டுகளாகப் பெற முடியாத பதிலை, புல்லைப் பற்றிக் கேட்ட கேள்வி பெற்றுத் தந்தது. 2014 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, உரிய அனுமதிகளுடன் திட்டங்கள் தொடரலாம் என்று கூறி மக்களை ஏமாற்றமடையச் செய்தது. 2017இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வான்கலச் சோதனைத் தளம் அங்கே திறக்கப்பட்டது. ஆயினும் வழக்கில் தோற்றதைக் கொண்டு அந்தப் போராட்டத்தை அளப்பது தவறு.

இங்கிலாந்தின் கிரீன்ஹம் காமன் இதற்கு நல்ல ஒப்பீடு. அதுவும் ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலமே. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாகி, பின்னர் அமெரிக்காவின் 96 குரூஸ் ஏவுகணைகளை நிறுத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1981இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலிருந்து நடந்து வந்த பெண்கள் அதன் வாயிலில் தங்கிவிட்டார்கள். 1982 டிசம்பரில் ஏறத்தாழ 30,000 பெண்கள் கைகோத்து அந்தத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். கூடாரங்கள் மீண்டும் மீண்டும் அகற்றப்பட்டன, பலர் சிறை சென்றார்கள். 1987இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கடைசி ஏவுகணைகள் 1991இல் வெளியேறின. 2000இல் அந்த நிலம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது, மாடுகள் இன்று அங்கே மேய்கின்றன. இரண்டு வல்லரசுகளின் ஒப்பந்தத்துக்குக் காரணங்கள் பல; ஆனால் மூடிய வாயிலில் பத்தாண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இருந்ததால்தான் நிலம் யாருடையது என்ற கேள்வி மறக்கப்படாமல் இருந்தது.

2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை; அணு ஆயுதம் வைத்திருக்கும் வேறெந்த நாடும் சேரவில்லை. அந்த நிலை விரைவில் மாறும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை. ஆனால் டெல்லி மனம் மாறும்வரை காத்திராமல் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பாதுகாப்பு தொடர்பானவை என்று மத்திய அரசு கருதும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. ரத்னஹள்ளியைச் சுற்றியுள்ளவர்களும் சள்ளகெரெ மேய்ப்பர்களும் கல்பாக்கத்து மீனவர்களும் ஒன்றாக நின்று அந்த விலக்கை நீக்கக் கோர முடியும். நிலத்தடி நீரின் ஆய்வு முடிவுகளையும் கதிரியக்க அளவீடுகளையும் ஆண்டுதோறும் கன்னடத்திலும் தமிழிலும் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கும்படி கேட்க முடியும். அணுகுண்டு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைத் தொலைதூரத்து அரசியல் என்று ஒதுக்குபவர்கூட, தம் கிணற்றைப் பற்றிய இந்தக் கோரிக்கையில் கையெழுத்திடத் தயங்க மாட்டார்.