தீயும் பைன் வித்தும்

காட்டுத்தீ என்றதும் அழிவொன்றே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், தீயின் வெம்மைக்காகப் பல்லாண்டு காத்திருக்கும் வித்துக்களும் உலகில் உள. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் லொட்ச்போல் பைன் மரம் இதற்குத் தக்க சான்றாகும்.

பைன் மரத்தின் வித்துக்கள் கூம்பின் செதில்களுக்கிடையே அமைந்துள்ளன. பெரும்பாலான பைன் இனங்களில், கூம்பு முதிர்ந்து உலர்ந்ததும் செதில்கள் விரிய, வித்துக்கள் காற்றிற் பறந்து பரவும். லொட்ச்போல் பைன் மரங்கள் பலவற்றிலோ, செதில்களைப் பிசின் இறுகப் பிணைத்திருக்கும். அக்கூம்புகள் முதிர்ந்த பின்னரும் விரியாது, ஆண்டுக்கணக்காகக் கிளைகளிலேயே தங்கும். ஏறக்குறைய 45 முதல் 60 பாகை சதம அளவை வரையான வெப்பநிலை எய்தும்போது பிசின் இளகும், செதில்கள் விரியும், தீ கடந்த நிலத்தில் வித்துக்கள் சொரியும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். வெப்பமே வித்தை முளைக்கத் தூண்டுகின்றதெனப் பலர் கருதுவர். கடினமான வித்துறை கொண்ட அவரைக் குடும்பத் தாவரங்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். தீயின் வெப்பம் அவ்வுறையில் வெடிப்பை உண்டாக்கி, நீர் உட்புக வழிசெய்யும். லொட்ச்போல் பைனிலோ வெப்பம் திறப்பது கூம்பையே. மிகுவெப்பம் வித்தினை நேரே தாக்கின் கரு மாண்டுபோகும். தடித்த கூம்பு கவசமாய் நின்று, விரைந்து கடந்துசெல்லும் தீயினின்றும் அதனைக் காக்கின்றது. பின்னர் வித்து முளைத்து வேரூன்ற ஈரமும் வெளிப்பட்ட மண்ணும் வேண்டும். நாற்று வளர ஞாயிற்றொளி வேண்டும். சருகையும் நிழலையும் அகற்றுவதன்மூலம் மண்ணையும் ஒளியையும் தீயே அளித்துச் செல்கின்றது.

1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில் மூண்ட தீ, ஏறத்தாழ 8 இலட்சம் ஏக்கர் நிலத்திற் பரவியது. காடு ஒழிந்ததெனப் பலர் வருந்தினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, கருகிய அடிமரங்களிடையே பைன் நாற்றுக்கள் பல இடங்களில் செறிந்தெழுந்தன. ஆனால், 2016ஆம் ஆண்டில் அவ்விளங்காட்டின் சில பகுதிகளில் மீண்டும் தீ பரவியபோது, நாற்றுக்கள் முன்போல எழவில்லை. போதிய கூம்புகளைச் சேமிக்க இளமரங்கள் காலம் பெறாமை அதற்கொரு முதன்மைக் காரணமாகும். புவி வெப்பமுற்றுவர, தீ அடிக்கடி மூள்வதே இன்று இக்காடுகளை எதிர்நோக்கும் இடர்.

சேமித்தற்கு வேண்டிய காலம் இருப்பின் தீ புதுவாழ்வுக்கு வாயில் திறக்கும். அக்காலம் குறுகின், திறப்பதற்குக் கூம்புகளே இரா.