மின்னணுப் பெருக்கியின் செயற்பாடும் நடைமுறை எல்லைகளும்: இதய மின்பதிவுக் கருவியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இதயத்தசையில் தோன்றும் மின்மாற்றம் உடலின் மேற்பரப்பை எட்டும்போது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் அளவினதாகவே இருக்கிறது. அதனைத் தாளிலோ திரையிலோ காணத்தக்க அலையாக்குவது மின்னணுப் பெருக்கியின் பணி. பெருக்கி எவ்வாறு இயங்குகிறது, அதனை மட்டுப்படுத்தும் காரணிகள் எவை, அவற்றுள் எவை மருத்துவ முடிவையே திசைதிருப்பக்கூடியவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருக்கி, எதிர்ப் பின்னூட்டம், தெவிட்டு நிலை, பொது மின்னழுத்தம், வெட்டு அதிர்வெண், இசிஜி, எஸ்.டி. பகுதி

முன்னுரை

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னலைகளைத் தெளிவாகப் பதிவு செய்தபோது அவரிடம் பெருக்கி என்ற ஒன்று இல்லை. வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றை நிறுத்தி, உடலிலிருந்து வந்த மின்னோட்டம் அவ்விழையில் ஏற்படுத்திய நுண்ணசைவை ஒளியின் துணையால் உருப்பெருக்கிப் படமாக்கினார். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இப்பணிக்காக அவருக்கு 1924இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்கருவி செய்த வேலையை இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவி செய்துவிடுகிறது. இம்மாற்றத்துக்கு முதற்காரணம் மின்னணுப் பெருக்கி. ஆயினும் ஐந்தோவனின் இழைக்கு இல்லாத சில குறைகளும் பெருக்கியுடன் சேர்ந்தே வந்தன. அவற்றை அறியாமல் இசிஜி தாளை வாசிப்பவர், நோயில்லாத இடத்தில் நோயைக் காண நேரலாம்.

பெருக்கம் என்னும் சொல்லும் அது மறைப்பதும்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெருக்கி என்றும் இலங்கைப் பாடநூல்கள் விரியலாக்கி என்றும் இக்கருவியைக் குறிக்கின்றன. இரு சொற்களுமே உள்ளே சென்ற குறிகை வளர்ந்து வெளியே வருகிறது என்ற எண்ணத்தைத் தருகின்றன. நிகழ்வது அதுவன்று. உள்ளே வரும் குறிகை, மின்வழங்கியிலிருந்து பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடாக மட்டுமே அமைகிறது. வெளியே வருவது மின்வழங்கியின் ஆற்றலில் வரையப்பட்ட ஒரு நகல். வாய்க்கால் மதகைத் திறப்பவரின் கைவலிமை வயலுக்குப் பாயும் நீராக மாறுவதில்லை; நீர் ஏரியிலிருந்து வருகிறது.

எளிய டிரான்சிஸ்டர் சுற்றொன்றின் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஏற்பான் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர், ஏற்பானுடன் இணைந்த மின்தடை 5 கிலோஓம், மின்வழங்கி 10 வோல்ட் எனக் கொண்டால், அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏற்படும் 1 மில்லிவோல்ட் மாற்றம் ஏற்பான் மின்னோட்டத்தை ஏறத்தாழ 0.04 மில்லிஆம்பியர் மாற்றும். இம்மாற்றம் மின்தடையின் குறுக்கே 0.2 வோல்ட்டாகத் தோன்றும். மின்னழுத்தப் பெருக்கம் 200. டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் 100 என்றால், திறன் பெருக்கம் 20,000. இத்தனைக்கும் வெளியீட்டுக் குறிகையின் திறன், உச்ச மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டாலும், 8 மைக்ரோவாட்டே. மின்வழங்கி இடைவிடாது செலவிடுவதோ 10 மில்லிவாட். எஞ்சியது வெப்பம். ஒலிபெருக்கிகளை இயக்கும் பெரிய பெருக்கிகளில் இவ்வெப்பமே முதன்மையான எல்லை. எப்போதும் முழு மின்னோட்டம் பாயும் ஏ வகைப் பெருக்கியின் திறமை, மின்மாற்றி இணைப்புடன் கூட, கோட்பாட்டளவில் 50 விழுக்காட்டைத் தாண்டாது. பி வகையில் அது 78.5 விழுக்காடு வரை உயரும். இசிஜி கருவியில் திறன் மிகச் சிறிதாகையால் இவ்வெல்லை இங்கே இடர் தருவதில்லை.

மேற்கண்ட கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. வெளியீடு மின்வழங்கியின் மின்னழுத்தத்தைத் தாண்ட இயலாது. தாண்ட முயலும் அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகும். இதுவே தெவிட்டு நிலை.

எதிர்ப் பின்னூட்டம்

டிரான்சிஸ்டரின் பெருக்கம் வெப்பநிலையுடன் மாறும். ஒரே வகையைச் சேர்ந்த இரு டிரான்சிஸ்டர்களிடையேயும் வேறுபடும். அவற்றுக்கு முன் வழக்கிலிருந்த வெற்றிடக் குழாய்களுக்கும் இக்குறை உண்டு. 1915 ஜனவரியில் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் இயங்கியது குழாய்ப் பெருக்கிகளால்தான். ஒரே தடத்தில் பல உரையாடல்களை அனுப்ப முற்பட்டபோது, ஒவ்வொரு பெருக்கியும் சேர்த்த சிறு சிதைவு அடுத்ததில் கூடிக்கொண்டே சென்றது. இதற்குத் தீர்வு தேடிய பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக்குக்கு, 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே அதனை வரைந்து வைத்தார். காப்புரிமை கிட்டியது 1937இல்.

வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பியனுப்புவதே அவர் கண்ட வழி. 200,000 மடங்கு பெருக்கமுடைய பெருக்கியில் வெளியீட்டின் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பினால், மொத்தப் பெருக்கம் 99.95 ஆகக் குறைகிறது. உள்ளிருக்கும் பெருக்கம் ஏதோ காரணத்தால் பாதியாகி 100,000 ஆனாலும் மொத்தப் பெருக்கம் 99.90 ஆகவே இருக்கும். டிரான்சிஸ்டரின் இயல்பை நம்ப வேண்டிய நிலை மாறி, இரு மின்தடைகளின் விகிதத்தை நம்பினால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. மிகுதியாக ஈட்டிய பெருக்கத்தைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்கும் வணிகம் இது.

இவ்வணிகத்துக்கும் வரம்பு உண்டு. 1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட 741 என்னும் செயல்பாட்டுப் பெருக்கியின் 200,000 மடங்குப் பெருக்கம் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே நிலைக்கும். அதற்குமேல் அதிர்வெண் பத்து மடங்காகும்தோறும் பெருக்கம் பத்தில் ஒன்றாகி, 1 மெகாஹெர்ட்ஸில் 1 ஆகிவிடும். கொடுப்பதற்குப் பெருக்கம் இல்லாத இடத்தில் பின்னூட்டம் எதையும் திருத்தாது. அதன் வெளியீடு ஒரு மைக்ரோவிநாடியில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாது என்பது தனியான மற்றோர் எல்லை. 10 வோல்ட் உச்சமுடைய சைன் அலையை அது சிதைவின்றித் தருவது 8 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான். இசைக் கருவிகளுக்கு இது போதாது, இதயத்துக்குத் தாராளம். இசிஜி கேட்கும் மேல் எல்லை, பெரியவர்களுக்கு, 150 ஹெர்ட்ஸ் மட்டுமே.

வேகம், வெப்பம் ஆகிய இரண்டும் இடர் தராத நிலையில் இசிஜி பெருக்கி எளிதானது என்று தோன்றலாம். அதன் இடர்கள் வேறு மூன்று இடங்களில் உள்ளன.

உடலில் குடியேறும் மின்னழுத்தம்

சுவரிலும் கூரையிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பிகளுக்கும் மனித உடலுக்கும் இடையே காற்றை இடைப்பொருளாகக் கொண்ட ஒரு சிறு மின்தேக்கி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அதன் வழியே கசியும் மின்னோட்டத்தால் உடல் முழுதும் ஒரே அளவில் ஏறியிறங்கும் பொது மின்னழுத்தம் தோன்றுகிறது. அது 1 வோல்ட் எனக் கொண்டால் இதயக் குறிகையைப் போல் ஆயிரம் மடங்கு. தமிழில் பெருக்குதல் என்பதற்குக் கூட்டித் தள்ளுதல் என்ற பொருளும் உண்டு. இக்கருவியோ குப்பையைத் தள்ளாது, சேர்த்தே வளர்க்கும்.

இரு கைகளுக்கும் இடையேயான வேறுபாட்டை மட்டும் பெருக்கிப் பொதுவானதை ஒதுக்கும் வேறுபாட்டுப் பெருக்கியே இதற்குரிய முதல் தீர்வு. ஒதுக்கும் ஆற்றல் 10,000 மடங்கு என்றால், 1 வோல்ட் பொது மின்னழுத்தம் 0.1 மில்லிவோல்ட் போலத் தாளில் தோன்றும். அது ஆர் அலையின் பத்தில் ஒரு பங்கு. 100,000 மடங்கானால் 0.01 மில்லிவோல்ட்டாகக் குறையும். ஆனால் இவ்வெண்கள் பெருக்கியைத் தனியே சோதித்துப் பெறப்படுபவை. நோயாளியின் ஒரு கையிலுள்ள மின்முனையின் தொடுதடை மற்றதைவிட 10 கிலோஓம் மிகுந்தும், பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம் ஆகவும் இருந்தால், அந்த 1 வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிவோல்ட், பெருக்கியை அடையும் முன்பே வேறுபாடாக மாறிவிடும். இதயக் குறிகைக்கு நிகரான இரைச்சல் அது. எத்துணை உயர்ந்த பெருக்கியாலும் பின்னர் இதனைப் பிரிக்க இயலாது. தோலைத் துடைத்து, உலர்ந்துபோகாத கூழ்மத்துடன் மின்முனையை ஒட்டும் பணியாளரின் கவனமும் கருவியின் துல்லியத்துள் அடங்கும் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் தீர்வு பிளாக்கின் கருத்தையே நோயாளியிடம் கொண்டு செல்கிறது. மின்முனைகளில் காணப்படும் பொது மின்னழுத்தத்தின் சராசரியை எடுத்து, தலைகீழாக்கிப் பெருக்கி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை ஒன்றன் வழியே வலது காலுக்கு அனுப்புகின்றனர். சுற்றின் பெருக்கம் 50 என்றால் 1 வோல்ட் ஏறத்தாழ 20 மில்லிவோல்ட்டாகத் தாழும். உடலே இங்கே பின்னூட்டச் சுற்றின் ஓர் உறுப்பாகிறது. வலது கால் மின்முனை எந்த அலையையும் பதிவு செய்வதில்லை; ஆயினும் அது கழன்றால் எல்லா அலைகளும் கெடக்கூடும்.

மின்முனையின் நிலை மின்னழுத்தம்

தோலும் உலோகமும் சந்திக்குமிடம் ஒரு சிறு மின்கலம் போன்றது. இரு மின்முனைகளுக்கிடையே 300 மில்லிவோல்ட் வரை நிலையான வேறுபாடு இருப்பினும் கருவி இயங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரநெறியின் எதிர்பார்ப்பு. இதய அலையை 1,000 மடங்கு பெருக்கி 1 வோல்ட் ஆக்க விரும்பும் வடிவமைப்பாளர் முதல் கட்டத்திலேயே அதனைச் செய்தால், 300 மில்லிவோல்ட்டும் 300 வோல்ட் ஆக வேண்டியிருக்கும். மின்வழங்கி 5 வோல்ட் மட்டுமே உடைய கருவி உடனே தெவிட்டிவிடும்; பதிவில் நேர்கோடு ஒன்றே தெரியும். 5 வோல்ட்டை 0.3 வோல்ட்டால் வகுத்தால் முதற்கட்டப் பெருக்கத்தின் உச்சவரம்பு 16 என்று கிடைக்கிறது. ஆகவே முதலில் சிறிதளவே பெருக்கி, நடுவில் ஒரு மின்தேக்கியால் நிலை மின்னழுத்தத்தைத் தடுத்து, பின்னர் எஞ்சிய பெருக்கத்தைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கமாயிற்று.

கீழ் வெட்டு அதிர்வெண்ணும் எஸ்.டி. பகுதியும்

மிக நுண்ணிய இடர் அம்மின்தேக்கியில்தான் உள்ளது. நிலை மின்னழுத்தத்தைத் தடுக்கும் அது, மெதுவான மாற்றங்களையும் ஓரளவு தடுக்கும். கீழ் வெட்டு அதிர்வெண் 0.05 ஹெர்ட்ஸ் என்றால் சுற்றின் காலமாறிலி ஏறத்தாழ 3.2 விநாடி. நோயாளி மூச்சிழுத்தாலோ அசைந்தாலோ அலையின் அடிக்கோடு நகர்ந்து, அமைவதற்குப் பல விநாடிகள் ஆகும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தந்தபின் தெவிட்டிய பெருக்கி மீள்வதும் அவ்வாறே தாமதிக்கும். மருத்துவர் அலையைக் காண விரும்புவதோ அந்தக் கணத்தில்தான். இதனால் கண்காணிப்புக் கருவிகள் வெட்டு அதிர்வெண்ணை 0.5 ஹெர்ட்ஸாக உயர்த்தி, காலமாறிலியை 0.32 விநாடியாகக் குறைக்கின்றன. அடிக்கோடு அமைதியுறுகிறது. ஆனால் அதற்கொரு விலை உண்டு.

கியூ.ஆர்.எஸ். அலைத்தொகுதியை 1 மில்லிவோல்ட் உயரமும் 0.1 விநாடி அடியும் உடைய முக்கோணமாகக் கருதினால், அதன் பரப்பு 0.05 மில்லிவோல்ட்-விநாடி. அலை முடிந்ததும் வெளியீடு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் ஆழம், இப்பரப்பைக் காலமாறிலியால் வகுத்தால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். 0.05 ஹெர்ட்ஸில் அது 0.016 மில்லிவோல்ட், 0.5 ஹெர்ட்ஸில் 0.16 மில்லிவோல்ட். 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்னும் வழக்கமான அளவுத்திட்டத்தில் முன்னது கண்ணுக்குத் தெரியாது, பின்னது 1.6 மி.மீ. இத்தாழ்வு விழுமிடம் கியூ.ஆர்.எஸ். தொகுதியை அடுத்து வரும் எஸ்.டி. பகுதி. அங்கே 0.5 மி.மீ. தாழ்வும், பெரும்பாலான இணைப்புகளில் 1 மி.மீ. உயர்வும் இதயத்தசைக்குக் குருதி குறைந்ததன் அறிகுறியாகக் கருதத்தக்கவை. கியூ.ஆர்.எஸ். கீழ்நோக்கி ஆழ்ந்திருக்கும் இணைப்புகளில் இதே பிழை உயர்வாகத் தோன்றும். பெருக்கியின் மின்தேக்கி வரைந்த கோட்டை இதயம் வரைந்ததாக வாசிக்கும் வாய்ப்பு இவ்வாறு உருவாகிறது. ஐந்தோவனின் இழைக்குக் கீழ் வெட்டு அதிர்வெண் என்பதே இல்லையாதலால் அவரது பதிவுகளில் இப்பிழைக்கு இடமில்லை.

பெருக்கத்தைக் குறைத்தல்

குறிகையை எண்ணாக மாற்றும் 24 பிட் மாற்றிகள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் மின்தேக்கியையே நீக்கிவிட முடிந்தது. 6 மடங்கு மட்டும் பெருக்கினால் 300 மில்லிவோல்ட் 1.8 வோல்ட் ஆகும், 2.4 வோல்ட் மேற்கோள் மின்னழுத்தமுடைய மாற்றி தெவிட்டாது. அத்தகைய மாற்றியின் மிகச் சிறிய படி, உள்ளீட்டளவில், 0.05 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. உடல் வெப்பநிலையிலுள்ள 10 கிலோஓம் மின்தடை, 150 ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், தானே எழுப்பும் வெப்ப இரைச்சலே ஏறத்தாழ 0.16 மைக்ரோவோல்ட். 1928இல் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் விளக்கிய இந்த இரைச்சலுக்கும் கீழாக மாற்றியின் படி சென்றுவிட்டமையால், முன்கட்டத்தில் மிகுதியாகப் பெருக்க வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. ஆயிரம் மடங்கு பெருக்கிய பழைய கருவியைவிட ஆறு மடங்கு பெருக்கும் புதிய கருவி மெய்யான அலையைத் தருகிறது.

அடிக்கோட்டைச் சீராக்கும் வேலையை இப்போது கணிப்பு செய்கிறது. பதிவு முழுவதும் நினைவகத்தில் இருந்தால், அலையின் கட்டத்தை மாற்றாத எண்முறை வடிப்பானைப் பயன்படுத்தலாம். அத்தகைய வடிப்பானுக்கு 0.67 ஹெர்ட்ஸ் வரையும், ஏனையவற்றுக்கு 0.05 ஹெர்ட்ஸும் என அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2007ஆம் ஆண்டுப் பரிந்துரை வரையறுக்கிறது. ஆனால் அவ்வடிப்பானுக்கு வரவிருக்கும் அலையும் தெரிந்திருக்க வேண்டும். பத்து விநாடி பதிந்து அச்சிடும் கருவிக்கு அது இயலும். படுக்கையருகே உடனுக்குடன் அலையைக் காட்டும் திரைக்கு இயலாது. அதனால் கண்காணிப்பு நிலையில் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ், நோயறியும் நிலையில் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் என்ற இரு தெரிவுகள் இன்றும் பல கருவிகளில் தொடர்கின்றன. எந்தத் தெரிவில் பதிவு எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இசிஜி தாளின் கீழ் ஓரத்தில் சிற்றெழுத்தில் அச்சாகியிருக்கும்; எஸ்.டி. பகுதியை அளக்குமுன் பார்க்க வேண்டியது அவ்வெண்களை.