உக்கிய தகரத்துக்குப் பதிலாகப் பைபர்

கடற்கரை ஊரில் வாகனத் தகரம் நிலைத்து நிற்பதில்லை. உப்புக்காற்றில் மட்காட்டும் கதவின் அடியும் கறள் பிடித்துச் சல்லடையாகிவிடும். பெரியநீலாவணையில் நான் செய்வது அதற்கு மாற்றான பைபர் பாகங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு நிறையப் பைபர் வள்ளங்கள் வந்தன. அவற்றின் வெடிப்புகளை ஒட்டித்தான் இந்த வேலையைப் பழகினேன். மருதமுனைக் காக்கா ஒருவர் வானோடு வந்து, "தங்கச்சி, தோணி ஒட்டுற கை மட்காட் செய்யாதா?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது.

இது புதிய வித்தையல்ல. 1953இல் அமெரிக்காவின் கோர்வெட் கார் பைபர் உடலோடு வந்தது. 1980களில் பெங்களூரின் சிபானி நிறுவனம் டொல்பின் என்ற சிறிய காரை இப்படித்தான் செய்தது.

பழைய மட்காட்டின் ஓட்டைகளைப் பட்டி போட்டு அடைத்து, வழுவழுப்பாக்கி, மெழுகை நாலைந்து தடவை பூசித் தேய்க்க வேண்டும். மெழுகு குறைந்தால் அச்சு கழன்று வராது. அதன்மேல் ஜெல்கோட் பூசி, அது பிசுபிசுப்பாக இறுகியதும் கண்ணாடி நார்ப்பாயை றெசினில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, காற்றுக் குமிழிகளை உருளையால் வெளியேற்ற வேண்டும். மறுநாள் கழற்றினால் அச்சு கிடைக்கும். அந்த அச்சுக்குள் இதே முறையில் ஒட்டினால் புது மட்காட். அச்சைக் கவனமாக வைத்திருந்தால் அதே மாதிரி வாகனம் அடுத்து வரும்போது பாதி வேலை மிச்சம்.

ஒரு கிலோ றெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹாட்னர் போதும். வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கலந்து மீந்தது பேணிக்குள்ளேயே கொதித்துப் புகையும்.

சகோதரிகளே, ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியுங்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கோபால்ட் தனியாகத் தந்தால் அதை ஹாட்னரோடு நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். றெசின் வாடை தலையைச் சுற்ற வைக்கும். திறந்த முற்றத்தில் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். உரசும்போது தண்ணீர் விட்டு உரசினால் தூசு பறக்காது. துணியைக் கட்டிக்கொண்டால் வாடை நிற்காது, அதற்கென்றுள்ள முகமூடி வேண்டும்.

மட்காட், பம்பர் மூடி போன்றவற்றையே நான் ஏற்கிறேன். பாரம் தாங்கும் சட்டத்தையும் இருக்கைப்பட்டி பூட்டும் இடத்தையும் எவ்வளவு காசு தந்தாலும் தொடமாட்டேன். சாமானுக்கு முற்பணம் வாங்கிய பிறகே நார்ப்பாயை வெட்டுவேன். பூட்டும்போது ஆணிக்கு அகலமான வாசர் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துளையோரம் வெடித்துத் திரும்ப உங்களிடம்தான் வரும்.