நேற்றைய நிறையும் இன்றைய நிறையும்



"உமது உடல் நிறை கூடிவிட்டது, ஆறு மாதத்துக்குள் ஐந்து கிலோவாவது குறைத்துக்கொண்டு வாரும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்புகின்றார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில் இவ்வறிவுரையைக் கேளாதவர் நம்முட் சிலரே. கேட்டவர் உறுதி பூணுகின்றார். சோற்றைக் குறைக்கின்றார்; தேநீரிற் சீனியை விடுகின்றார்; உண்பவற்றின் கலோரிக் கணக்கை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதிவருகின்றார். தராசு ஒன்றும் வீட்டுக்கு வந்துவிடுகின்றது. முதல் வாரம் இரண்டு கிலோ குறைகின்றது, வீட்டார் வியக்கின்றனர். இரண்டாம் வாரம் முள் அசையவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாட் காலை, முன்னைய நாளைவிட ஒரு கிலோ கூடிநிற்கின்றது. கொப்பியைப் புரட்டுகின்றார், கணக்கிற் பிழையில்லை. "வயிற்றைக் கட்டியும் நிறை ஏறுகின்றதே! இஃது என்ன புதுமை?" என மனம் சோர்கின்றார். நல்ல முயற்சிகள் பல இந்த மூன்றாம் வாரத்திலேதான் கைவிடப்படுகின்றன.

இப்புதுமையின் காரணத்தை இன்று சற்று ஆராய்வோம்.

தராசின்மீது ஏறி நிற்கும்போது அது எதனை நிறுக்கின்றது? நாம் அறிய விரும்புவது உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பை. தராசோ, எலும்பு, தசை, குருதி, குடலிற் கிடக்கும் நேற்றைய உணவு, சற்றுமுன் பருகிய தண்ணீர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நிறுத்து ஒரே எண்ணாகத் தருகின்றது. இவற்றுள் மிகப் பெரும் பங்கு நீருக்கு உரியது. வளர்ந்த ஆடவர் ஒருவரின் உடல் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு நீரே; பெண்களுக்கு அது சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் தண்ணீரைப் பருகிவிட்டுத் தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். அதில் ஒரு கலோரியேனும் இல்லை.

இனிக் கொழுப்பின் கணக்கைப் பார்ப்போம். உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமாயின், செலவைவிட வரவு ஏறத்தாழ 7,700 கலோரி குறைந்திருத்தல் வேண்டும். ஒருவர் நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்கின்றார் எனக் கொள்வோம். அஃது எளிய காரியமன்று. இரண்டு நேரச் சோற்றிற் பெரும்பகுதியை விடுதலுக்கு ஒப்பாகும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு நாளிற் கரையும் கொழுப்பு 65 கிராம் அளவினதே. ஒரு பெரிய கோழிமுட்டையின் நிறை அவ்வளவு இருக்கும். ஆனால், உடலில் உள்ள நீரோ ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே ஒரு கிலோ அளவுக்கு ஏறி இறங்கக்கூடியது. ஒரு கிலோ ஏறி இறங்கும் இடத்தில் ஒரு முட்டையின் நிறை குறைந்ததை எங்ஙனம் காண்பது? மன்னார்க் கரையில் நிற்கும் மீனவர் ஓர் அலையைப் பார்த்து வற்றுப்பெருக்கைத் தீர்மானிப்பதில்லை. அலை பின்வாங்கினாலும் பெருக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். அலை முன்வந்தாலும் கடல் வற்றிக்கொண்டிருக்கலாம்.

இந்த நீர் ஏன் ஏறி இறங்குகின்றது என்பதே அடுத்த வினா. முதலாவது காரணம் நமது சோற்றிலேயே உண்டு. அரிசி, கோதுமை, கிழங்கு முதலியவற்றிலுள்ள காபோவைதரேற்றின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோசன் என்னும் பொருளாக மாற்றி, ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கின்றது. வளர்ந்த ஒருவரிடத்தில் இச்சேமிப்பு 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கிளைக்கோசன் தனித்து இருப்பதில்லை. ஒரு கிராமுடன் ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்கும். உணவைக் குறைத்தவுடன் உடல் முதலில் எடுத்துச் செலவிடுவது இந்தக் கையிருப்பையே. கிளைக்கோசன் செல்ல, அதனோடிருந்த நீரும் சிறுநீராய்ச் செல்கின்றது. முதல் வாரத்திற் குறைந்த இரண்டு கிலோவிற் பெரும்பகுதி இதுவே. கந்தசஷ்டி விரதத்தைப் பாலும் பழமும் மட்டும் கொண்டு அனுட்டித்தவர்கள் இதனைத் தம் உடம்பிலேயே கண்டிருப்பர். ஆறு நாளில் உடம்பு இலேசாகிவிடும். பாறணை முடித்து இரண்டு மூன்று நாள் வழமைபோல் உண்டதும் போன நிறையிற் பெரும்பங்கு திரும்பிவிடும். திரும்பி வருவது பெரும்பாலும் நீரும் கிளைக்கோசனும் குடலை நிரப்பிய உணவுமேயன்றிக் கொழுப்பன்று. விரதத்தின் பயன் வேறு. அதனை நிறை குறைக்கும் வழியாகக் கொள்ளுதல் வேறு.

இரண்டாவது காரணம் உப்பு. நமது உடல் தனது நீரில் உப்பின் செறிவை ஒரே அளவில் வைத்திருக்க முயல்கின்றது. மருத்துவமனையில் நரம்பின்வழி ஏற்றும் சேலைன் நீரில் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பதும் இந்த அளவை ஒட்டியே. ஆகவே, வழமைக்கு மேலாக நான்கைந்து கிராம் உப்பு உட்புகுந்தால், சிறுநீரகங்கள் அதனை வெளியேற்றும் வரை ஏறக்குறைய அரை லீற்றர் நீர் உடலில் மிகுதியாய்த் தங்க நேரும். ஒன்றிரண்டு நாளில், சிலருக்கு மேலும் சில நாளில், அது வெளியேறிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கின்றது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று அடுக்கிவைத்து உண்ணும் நாம் அந்த எல்லையை எத்தனை நாள் காக்கின்றோம் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

எம்முடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததை இவ்விடத்திற் கூறவேண்டும். நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துவந்த அவர், நாளைக்கு 1,200 கலோரி என அளவிட்டு ஒழுங்காக உண்டுவந்தார். உறவினர் வீட்டு விருந்திற் கருவாட்டுக் குழம்பு உண்ட மறுநாட் காலை நிறை ஒரு கிலோ ஏறியிருந்தது. அதனைக் கொழுப்பென்றே நம்பிவிட்டார். அன்றிலிருந்து உணவை 800 கலோரியாக்கினார். பின்னர்க் காலை உணவையே விட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை. ஐந்தாம் நாள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மாணவர் முன்னிலையில் மயங்கி வீழ்ந்தார். குருதியிற் சீனியின் அளவு மிகத் தாழ்ந்துபோனதே காரணம் என மருத்துவர் கூறினர். நல்லவேளையாக விரைவில் தேறிவிட்டார். நீருக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு தெரியாமை இவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்.

உணவை மேலும் மேலும் குறைத்தால் தராசு உண்மையை விரைவாகக் காட்டும் என்பதும் இல்லை. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களின் கொழுப்பும் தசையும் வெகுவாகக் குறைந்தன; ஆயினும் உடல் நீர் அதே அளவிற் குறையவில்லை. பலருக்குக் கணுக்கால்கள் வீங்கின. உடம்பு மெலிய, நீர் தங்க, தராசு காட்டிய குறைவு உண்மையான மெலிவைவிடச் சிறிதாயிற்று.

ஏனைய காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவரின் தசைகள் நோவெடுக்கும்போது அங்கே நீர் தங்கும். நடக்கத் தொடங்கிய வாரத்திலேயே நிறை ஏறுவது இதனாலாகலாம். மலச்சிக்கலும் தராசிற் தெரியும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் ஓமோன்களின் மாற்றத்தால் நீர் தங்குவது உண்டு. அவர்கள் இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாது, சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே முறை. வெயிலில் வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வியர்வையையும் இழக்கக்கூடும். அக்குறைவை மெலிவென எண்ணித் தண்ணீர் பருகாதிருப்போர் தமக்கே தீங்கு தேடுகின்றனர்.

கரைந்த கொழுப்பு எங்கே போகின்றது எனச் சிலர் கேட்பதுண்டு. இத்தாலிய மருத்துவர் சந்தோரியோ என்பவர் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து உண்டும், உண்டவற்றையும் கழித்தவற்றையும் பல்லாண்டு நிறுத்தும், தம் முடிவுகளை 1614 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உட்கொண்டதன் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாமலே உடலைவிட்டு நீங்குகின்றது என்பது அவர் கண்டது. இன்றைய கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முற்றாக எரிந்தால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சின்வழி வெளியேறும், எஞ்சிய 1.6 கிலோ நீராகும். நாம் விட்ட மூச்சிற் கலந்துபோன கொழுப்பைத்தான் தராசிற் தேடிக்கொண்டிருக்கின்றோம்!

அப்படியாயின் தராசை எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. படிக்கும் முறையை மாற்றினாற் போதும். மாணவன் ஒருவனின் அறிவை ஒரு நாட் பரீட்சைப் புள்ளியைக் கொண்டு நாம் முடிவுகட்டுவதில்லை. தவணைகள் பலவற்றின் புள்ளிகளைச் சேர்த்தே பார்க்கின்றோம். இங்கும் அவ்வாறே. காலையில் எழுந்து மலசலம் கழித்தபின், ஒன்றும் உண்ணாமலும் பருகாமலும், இலேசான உடையுடன் நாள்தோறும் நிறையைப் பார்த்து எழுதுக. ஏழு நாள் எண்களையும் கூட்டி ஏழாற் பிரித்தால் வாரச் சராசரி கிடைக்கும். சராசரியைச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுக.

எடுத்துக்காட்டு ஒன்று கேளுங்கள். ஒருவரின் முதல் வார எண்கள் 78.4, 78.1, 78.6, 78.0, 77.9, 79.1, 78.7. சராசரி 78.4. அடுத்த வாரம் 78.3, 77.9, 77.8, 78.2, 77.7, 77.6, 78.2. சராசரி ஏறக்குறைய 78.0. முதல் வார வெள்ளிக்கிழமை 77.9 கண்டவர் அடுத்த ஞாயிறு 78.2 காணும்போது, ஒன்பது நாள் பாடுபட்டும் 300 கிராம் ஏறிவிட்டது என்று கவலுவார். சராசரியோ 400 கிராமுக்கு மேல் இறங்கியிருக்கின்றது. நாளுக்கு 65 கிராம் எனக் கண்ட கணக்குக்கும் இது பொருந்துகின்றது.

நாள்தோறும் எண்ணைப் பார்ப்பதால் மனம் கலங்குவோர் வாரம் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் அவர்கள் ஒரு மாதமாவது பொறுத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தராசு சமமான சீமெந்துத் தரையில் இருக்கட்டும். பாயின்மீதும் விரிப்பின்மீதும் வைத்தால் எண் மாறும். வீட்டுத் தராசையும் மருந்துக்கடைத் தராசையும் மாறி மாறிப் பார்ப்பதில் பயனில்லை.

எல்லாப் பழியையும் நீரின்மீது போட்டுவிடவும் ஆகாது. நான்கு வாரச் சராசரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அசையாது நின்றால் கொப்பியைத்தான் ஐயுற வேண்டும். நம் சமையலில் ஒளிந்து நிற்கும் கலோரிகள் பல. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. அதே 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130. எதனை நிறுத்தோம் என்பதைக் குறிக்காதவரின் கணக்குக் குழம்பிவிடும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி அளவினது. பிட்டை எழுதுபவர் அதிற் சேர்ந்த தேங்காய்ப்பூவை எழுதுவதில்லை. இடியப்பத்தை எழுதுபவர் சொதியின் முதற்பாலை மறந்துவிடுகின்றார். உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறைவதால், தொடக்கத்தில் இருந்த வேகம் பின்னர் இராது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ அளவுக்கு நிறை ஏறினால், அதனோடு காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ காணப்பட்டால், நான் கூறிய சராசரிக் கணக்கைப் பார்த்துக் காத்திராது உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது; வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இக்கலோரிக் கணக்கே வேண்டாம்.

தராசோடு ஓர் அளவுநாடாவையும் வைத்துக்கொண்டால் நன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் நாடாவை இறுக்காமற் சுற்றி, மாதத்துக்கு இருமுறை அளந்து எழுதுக. நம் போன்ற தெற்காசிய மக்களுக்கு ஆடவராயின் 90 சென்ரிமீற்றரும் பெண்டிராயின் 80 சென்ரிமீற்றரும் எல்லையெனக் கொள்ளப்படுகின்றன. நேற்றுண்ட உப்பு இந்த நாடாவை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.