ஆறுமணிக் குருவியும் சுமத்ராக் காற்றும்

அக்டோபர் கடைசி வாரம். பின்னிரவு நான்கு மணிக்கு ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. எழுந்து சாத்துவதற்குள் கிள்ளான் பக்கமிருந்து சாய்ந்தடித்த மழை பாதிக் கட்டிலை நனைத்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வானம் வெளுத்தது. கோப்பி வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பெருக்கும் அக்கா, துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க வாங்க. கிளிக்குஞ்சு மாதிரி ஒன்னு விழுந்து கெடக்கு."

கிளி இல்லை. முதுகு பச்சை, சிறகில் பளீரென்ற நீலம், கண்ணோரம் மை தீட்டியதுபோலக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மதில்மேல் இரண்டு காகங்கள் பொறுமையாகக் காத்திருந்தன. இந்தக் காகங்களும் வந்தேறிகள்தான். ஆனால் சிறகை நம்பி வந்தவை அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று துரைமார் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காகம் போகவில்லை.

கீழே கிடந்தது நீலச்சிறகு பிட்டா. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவுவதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். அது இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்கு இலங்கை வரை இறங்கும். இது மியன்மார், தாய்லாந்து, இந்தோசீனக் காடுகளில் குஞ்சு பொரித்து, வருஷக் கடைசியில் நம் தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் வருவது. நாள் முழுக்கக் காட்டுத் தரையில் சருகைக் கிளறிப் புழு தேடும் கூச்சக்காரப் பறவை, நெடும்பயணத்தை மட்டும் இரவில் வைத்துக்கொள்கிறது.

நட்சத்திரமும் பூமியின் காந்தப் புலமும் திசை சொல்லும். காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று அவை சொல்லா. சின்னக் கணக்குதான்: பக்கவாட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் ஐந்து மணி நேரத்தில் 100 கி.மீ. விலகிவிடும். பறவை தெற்கே பார்த்துத்தான் சிறகடித்துக்கொண்டிருக்கும், சேருமிடம் வேறாகிவிடும். தரைக்கு மேலே பறந்தால் ஆற்றையும் மலையையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நடுக்கடலில் எதைப் பார்ப்பது? இந்தப் பிட்டா வழி தவறி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் போய் இறங்கிய பதிவுகூட உண்டு.

அன்று அடித்த காற்றுக்கு வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'சுமத்ரா'. இரவில் சுமத்ரா மலைகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று, மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான ஈரக்காற்றை மேலே தூக்கும். இடிமேகங்கள் வரிசை கட்டி, விடிவதற்குள் செலாங்கூர் கரைக்கு வந்துவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதன் ஆட்டம். இதைப் புயல் என்று சொல்ல முடியாது. புயல் சுழல, பூமியின் சுழற்சி தரும் திருகல் வேண்டும். நிலநடுக்கோட்டருகே அது இல்லையென்றே சொல்லலாம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியதும், 2025 நவம்பரில் மலாக்கா நீரிணைக்குள்ளேயே சென்யார் புயல் உருவாகிச் சுமத்ராவைப் புரட்டிப்போட்டதும் அபூர்வங்கள். ஆனால் தொண்ணூறு கிராம்கூடத் தேறாத உடம்புக்குப் தனிப்பெயர் இல்லாத ஒரு மணி நேரக் காற்றே போதும்.

இதற்காகக் காற்றை வில்லனாக்கிவிடக் கூடாது. 2022-இல், ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தது. அந்த இனம் கிளம்பும் நாளைப் பார்த்துத்தான் கிளம்புகிறது: புயலின் பின்பக்கக் காற்று முதுகைத் தள்ளும் நாளை. கடாரத்துக்குப் பாய் விரித்த நாகப்பட்டினத்துக்காரர்களும் காற்று திரும்பக் காத்திருந்தவர்கள்தானே.

கிள்ளானுக்கு வெளியே, நீரிணை நடுவே மணல்திட்டின்மேல் கால் ஊன்றி நிற்கிறது 'ஒன் ஃபேதம் பேங்க்' கலங்கரை விளக்கம். மலாயில் பெர்மாத்தாங் செடெப்பா. மூட்டமான இரவுகளில் வலசைப் பறவைகள் அதன் ஒளியைச் சுற்றிச் சுற்றி வந்து மோதி விழும். செலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் ராபின்சன் காலத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. பிறகு 1960-களில் பிரேசர் மலையில் பறவை ஆய்வாளர்கள் மெட்வேயும் வெல்ஸும் மூடுபனி இரவுகளில் விளக்குக்கு இறங்கிய பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள்.

அன்று கடலில் ஒற்றை விளக்கு. இன்று கேஎல் சென்ட்ரலைச் சுற்றி விடிய விடிய எரியும் கண்ணாடிக் கோபுரங்கள். மேகம் தாழ்ந்து நட்சத்திரம் மறைந்ததும் பறவையும் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் காடு இருந்திருந்தால் ஒரு கிளையில் உட்கார்ந்து இறகை உலர்த்தியிருக்கும். பிட்டாக்கள் கட்டடங்களில் மோதுவது நம் நகரங்களில் புதிய செய்தியே இல்லை. காற்றின்மேல் பாதிப் பழிதான் போடுவேன்.

அக்கா காகங்களைத் துடைப்பத்தால் விரட்ட, நான் செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டுக் குருவியை உள்ளே வைத்து இருட்டறையில் வைத்தேன். தண்ணீர் புகட்டவில்லை, மூச்சுக்குழாயில் போய்விடும். மதியம்வரை சத்தமில்லை. மூன்று மணிக்கு உள்ளே தத்தும் ஓசை கேட்டது. வெயில் தாழ்ந்ததும் ஏரித் தோட்டத்துக்கு எடுத்துப்போய்ப் புதரோரம் மூடியைத் திறந்தேன். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு தரையில் இரண்டு தத்து; நீலம் ஒருமுறை மின்னியது; இலைகளுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை அக்கா கேட்டார். "வீட்டுக்குப் போயிருச்சா தம்பி?"

"இல்லக்கா. இன்னும் சுமத்ராவுக்குப் போகணும்."

அக்கா மேற்கே அண்ணாந்து பார்த்தார். "அங்கதான் இருட்டிக்கிட்டு வருது," என்றபடி கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார்.