நூறு கட்டங்களில் ஒரு கடல்

"டீச்சர், செயற்கைக்கோளுக்கு மீன் தெரியுமா?"

எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள். எங்கள் பள்ளி கடலோரத்தில் உள்ளது. அவளுடைய அப்பா மீன்பிடி படகில் செல்பவர். மீன் இருக்கும் இடம் தெரியாமல் அலைந்தால் டீசல் காசுகூடத் தேறாது என்று வீட்டில் பேசுவார்களாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிப்பதையும் அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையும் நிறமும்தான் தெரியும். வெப்பநிலையோ உப்புத்தன்மையோ வேறுபட்ட இரண்டு நீர்ப்பரப்புகள் சந்திக்கும் எல்லையைக் கடல் முகப்பு என்கிறோம். பல முகப்புகளில் சத்துப்பொருள்களும் மிதவை உயிரிகளும் சேரும். அவற்றைத் தேடிச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தேடிப் பெருமீன்களும் வரும்.

இந்த எல்லையைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? 1992-இல் காயுலா, கார்னிலன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், விதிகளை மனிதரே வகுத்துக் கணினிக்குக் கொடுத்தனர். ஆழ்கற்றலில் விதிகளுக்குப் பதில் எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம். வல்லுநர்கள் முகப்புகளைக் கோடிட்டுக் காட்டிய ஏராளமான படங்களைக் கணினி பார்க்கிறது. தானும் கோடு போடுகிறது. தவறும்போதெல்லாம் தன்னுள் இருக்கும் எண்களைத் திருத்திக்கொள்கிறது. மருத்துவப் படங்களுக்காக 2015-இல் உருவான யு-நெட் என்ற வலையமைப்பும் இப்பணிக்குப் பயன்படுகிறது.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். தாளில் பத்துக்குப் பத்து, நூறு கட்டங்கள். இடப்பக்கம் 27 டிகிரியை ஒட்டிய எண்கள், வலப்பக்கம் 29 டிகிரியை ஒட்டியவை. வரிசைக்கு ஒன்றாக, எண் சட்டென உயரும் பத்துக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். மேகம் மறைத்தால் அகச்சிவப்புக் கருவியால் கடலைப் பார்க்க முடியாது. அதனால் சில கட்டங்களின் மேல் பஞ்சு ஒட்டினேன். அங்கே அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும்.

ஒரு மாணவன் எதையும் தீட்டாமல் தாளை நீட்டினான். "முகப்பு இல்லாத 90 கட்டத்தையும் சரியா விட்டிருக்கேன். எனக்கு 90 மார்க்தானே டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் கணினியும் இதே பொறியில்தான் விழுகிறது. கடலில் முகப்புள்ள பகுதி மிகக் குறைவு. 'எங்குமே இல்லை' என்று சொல்லியே அது அதிக மதிப்பெண் வாங்கிவிடும். எனவே முகப்பைத் தவறவிட்டால் கூடுதல் மதிப்பெண் குறைப்பார்கள். அல்லது வல்லுநர் போட்ட கோட்டோடு கணினியின் கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும் அளப்பார்கள். அப்படித் திருத்தினால் அந்த வெற்றுத்தாளுக்குப் பூஜ்யம்தான்.

அன்று மாலை என் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். புரியாமலேயே மதிப்பெண் பெற வழிவிட்ட வினாக்கள் அவற்றில் எத்தனையோ இருந்தன. எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் கணினி கற்கிறது, மாணவரும் அப்படித்தான்.

ஒரு பாடவேளையும் கட்டம் போட்ட தாளும் போதும். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். வெற்றுத்தாள் தரும் மாணவனைக் கடிந்துகொள்ளாமல், அவனையே பேசவிடுங்கள்.